மட்டிச் சாக்கு

போன மாதம் ஒரு பெண் கையில் பெரிய போனோடு எங்கள் தெருவுக்கு வந்து வீடு வீடாகக் கேள்வி கேட்டாள். ஆற்று வாயில் மட்டிச் சிப்பி எடுக்கப் போவீர்களா, மாதத்தில் எத்தனை நாள், எடுப்பது விற்கவா, சாப்பாட்டுக்கா, பொழுதுபோக்குக்கா. நல்ல பெண், சிரித்த முகம். நான் என் மனைவியைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்திவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறவன் போலப் பின்பக்கம் போய்விட்டேன். எங்களுக்கு மாடு கிடையாது.

நான் பொதுவாகவே அதிகம் பேசாதவன். அதிலும் மட்டியைப் பற்றி யாராவது எழுதிக்கொள்ள வந்தால் வாயே திறக்க மாட்டேன். ஒரே ஒருமுறை திறந்திருக்கிறேன். அப்போது நான் நான்காம் வகுப்பு. அடுத்த ஆண்டோடு என் படிப்பு முடிந்துவிட்டது. ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எங்கள் ஊர் வெள்ளாறு கடலில் சேருகிற இடத்தில் இருக்கிறது. அம்மாவுக்கு அதுதான் பிறந்த ஊர். அப்பா அதே ஆற்றில் மேலே, சேத்தியாத்தோப்புப் பக்கம், நெல் விளைகிற ஊர்க்காரர். ஐஸ் கம்பெனியில் வேலை கிடைத்து இங்கே வந்து, அம்மாவைப் பெண் கேட்டுக் கட்டிக்கொண்டார். கல்யாணம் பேசியபோது அப்பாவின் அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டாராம்.

"மீன் ஆக்குங்க, நண்டு ஆக்குங்க, நாங்க ஒண்ணும் கேக்கல. அந்தச் சேத்துச் சிப்பி மட்டும் எங்க தம்பி வூட்டு அடுப்புல ஏறக் கூடாது."

அம்மா சரி என்றாள். சொன்ன சொல்லை அவள் மீறவே இல்லை. எங்கள் அடுப்பில் மட்டி ஏறியதே கிடையாது. பெரியம்மா வீட்டு அடுப்பில்தான் ஏறியது.

பெரியம்மா அம்மாவின் கூடப் பிறந்த அக்கா. வேலிக்கு அந்தப் பக்கம் அவள் வீடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தண்ணீர் வற்றுகிற நாட்களில் தெருப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து ஆற்று வாய்க்குப் போவார்கள். இது ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு வரும். அம்மாவின் பழைய புடவை ஒன்று இதற்கென்றே பெரியம்மா வீட்டுக் கொடியில் கிடக்கும். அதைச் சுற்றிக்கொண்டு பதினோராவது ஆளாக அவளும் போவாள். என்னையும் அழைத்துப் போய்க் கரையில் உட்கார வைப்பாள்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று காலால் சேற்றைத் துழாவுவார்கள். விரலில் மட்டி தட்டுப்பட்டதும் குனிந்து எடுத்து, மடியில் கட்டிய பையில் போடுவார்கள். வீட்டில் மெதுவாகவே பேசுகிற அம்மா அங்கே கத்துவாள். சேற்றை வாரி மற்றவர்கள் முதுகில் அடிப்பாள். என் காதில் விழக் கூடாத கதைகள் வந்தால் எல்லோரும் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, பிறகு இன்னும் பலமாகச் சிரிப்பார்கள். திரும்பி வந்ததும் அடிபம்பில் கால் கழுவி, மஞ்சள் தேய்த்து, தலைக்கு எண்ணெய் தடவி, அம்மா பழைய அம்மாவாகி வீட்டுக்குள் போவாள். அதற்கு முன் பெரியம்மா வீட்டில் மட்டி அவித்த தண்ணீரில் மிளகு தட்டிப் போட்டு எனக்கு ஒரு தம்ளர் கிடைக்கும். தம்ளரோடு ஒரு வார்த்தையும் வரும்.

"அப்பா கிட்ட சொல்லாத, இன்னா?"

சொல்ல வேண்டிய அவசியமே வந்ததில்லை. அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். எல்லா ஞாயிறும் அவர் தூங்க மாட்டார். ஒரு ஞாயிறு வேலி கட்டுவார், சைக்கிளைக் கழற்றி மாட்டுவார். அடுத்த ஞாயிறு மத்தியானச் சோறு இறங்கியதும் பாயை விரித்துவிடுவார். "நான் படுக்கறேன். பொழுது சாயற வரைக்கும் யாரும் எழுப்பாதீங்க." நெல் விளைகிற ஊர்க்காரரா, அவருக்கு ஏற்றமும் தெரியாது வற்றமும் தெரியாது என்று தெருவில் கேலி பேசுவார்கள். அம்மாவின் யோகம், தண்ணீர் வற்றுகிற ஞாயிறாகப் பார்த்து அவருக்குத் தூக்கம் வந்தது.

அந்த வருஷம்தான் சிதம்பரத்திலிருந்து ஒரு படிக்கிற அண்ணன் வந்தார். பொழுதுபோக்காகவும் வீட்டுக்காகவும் மட்டி எடுக்கிறவர்கள் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று பார்த்து எழுத வேண்டுமாம். மட்டி எடுக்கிற பத்து வீட்டுக்கும் ஆளுக்கொரு சாக்குக் கொடுத்தார். தின்ற மட்டியின் ஓடுகளை எறியாமல் அதில் போட்டு வைத்தால் ஞாயிறு காலையில் வந்து நிறுத்துக்கொள்வார்.

"ஓட்ட எடுத்துக்கினு போயி இன்னாப்பா செய்வ? கறிய நாங்க தின்னுப்புட்டோம்னு கோவமா?" என்று கிண்டல் செய்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எங்கள் வாசலில் கேட்டபோது அம்மா, "எங்க வூட்டுல அத ஆக்கறதில்லீங்க" என்றாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அவரிடம் ஒரு பித்தளை அளவுகோல் இருந்தது. ஓட்டை அதன் வாயில் கொடுத்து நகர்த்தினால் அளவு தெரியும். அதை என்னிடம் பிடிக்கக் கொடுத்தார். அன்று முதல் அவர் பின்னாலேயே திரிந்தேன்.

மூன்றாம் ஞாயிறு காலையில் பெரியம்மா வீட்டுச் சாக்கைத் தராசில் மாட்டியவர் முகத்தைச் சுருக்கினார்.

"அக்கா, வூட்ல எத்தினி பேரு?"

"மூணு பேரு."

"இது ஆறு பேரு தின்ன ஓடு மாதிரி இருக்கு."

"நான் கொஞ்சம் ஜாஸ்தி திம்பேன் தம்பி. ஒடம்பப் பாத்தா தெரியல?"

பெரியம்மா காய்ந்த பனைமட்டை போல இருப்பாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"விக்கிறீங்கன்னா சொல்லிடுங்க, அக்கா. விக்கிறவங்கள இதுல சேக்க முடியாது. பேர எடுத்துடறேன்."

சிரிப்பு நின்றது. ஆற்று வாயைக் குத்தகை எடுத்தவரைக் கேட்காமல் எங்கள் ஊரில் யாரும் விற்க முடியாது. விற்றதாகப் பேச்சுக் கிளம்பினால் போதும், அவர் வாசலில் வந்து நிற்பார். பெரியம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். வேலி ஓரமாக அம்மா விளக்குமாற்றோடு நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. எங்கள் வாசலில் அப்பா சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

பெரியம்மா விற்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த அண்ணனும் நல்லவர். அப்பாவிடம்தான் சொல்லக் கூடாது. இவர் அப்பா இல்லையே. நன்றாக யோசித்துத்தான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்து, காதுக்குள் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இதுல பாதி உங்க அம்மாவுதா? அட, அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

சத்தமாகத்தான் சொன்னார். காற்றடிக்கிற சத்தம் நின்றது.

அப்பா பம்பைக் கீழே வைத்துவிட்டு வேலி அருகே வந்தார். அந்த அண்ணன் சந்தோஷமாகப் புதுப் பக்கத்தைத் திருப்பினார்.

"உங்க வூட்டயும் எழுதிக்கறேன், அண்ணே. எதுக்கு எடுக்கறாங்க? விக்கவா?"

"விக்கல."

"சாப்பாட்டுக்கா?"

"எங்க வூட்டுல அத சாப்புடறதில்ல."

"அப்ப பொழுதுபோக்குதான். போட்டுக்கவா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள்.

"போட்டுக்குங்க," என்றார் அப்பா. திரும்பிப் போய் மறுபடி காற்றடிக்க ஆரம்பித்தார். டயர் ஏற்கெனவே கல்லாக இருந்தது.

எங்கள் வேலியிலும் ஒரு சாக்குத் தொங்கியது. நான் அடிக்குக் காத்திருந்தேன். யாரும் அடிக்கவில்லை. அம்மாவை அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அன்று மத்தியானம் தண்ணீர் வற்றியபோது அம்மா போகவில்லை. பெரியம்மா வேலியில் நின்று கூப்பிட்டாள்.

"வரல்லியா?"

"வேல கெடக்குது."

அம்மா முறத்தை எடுத்து வைத்துக்கொண்டு, காலையிலேயே புடைத்த அரிசியைத் திரும்பவும் புடைத்தாள். அப்பா வழக்கம்போலப் படுத்தார். ஆனால் கால் மணி நேரத்தில் எழுந்து, திண்டாடுகிறவர் போல வீட்டைச் சுற்றி வந்தார்.

அடுத்த ஞாயிறு அந்த அண்ணன் எங்கள் வெறும் சாக்கைத் தராசில் மாட்டிப் பார்த்து, சைபர் என்று எழுதினார். அதற்கும் அடுத்த ஞாயிறும் அதையே எழுதினார். "சைபரும் ஒரு வெவரந்தான்" என்று எனக்குச் சொன்னார். எனக்கு அந்தச் சாக்கைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பெரியம்மாவும் என்னைக் கூப்பிட்டுத் தம்ளர் நீட்டவில்லை. அப்பா திட்டவில்லை, தடுக்கவில்லை. பிறகு அம்மா ஏன் போகாமல் இருக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

அன்றும் தண்ணீர் வற்றுகிற நாள். சாப்பிட்டதும் அப்பா பாயை உதறினார். வழக்கத்தைவிட அதிகமாகவே உதறினார். பிறகு பெரியம்மா வீடு வரை கேட்கிற குரலில், "நான் தூங்கப் போறேன். யாரும் எழுப்பக் கூடாது. வூடு பத்திக்கினு எரிஞ்சாலும் எழுப்பக் கூடாது" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். தலை சாய்ந்த உடனே குறட்டை கிளம்பியது. அப்பா அதற்கு முன் குறட்டை விட்டு நான் கேட்டதில்லை. ஐஸ் கம்பெனி மோட்டார் மாதிரி இருந்தது.

அம்மா முறத்தை மடியில் வைத்தபடி கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. எழுந்து, முறத்தைச் சாய்த்து வைத்து, கதவுவரை போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"நீ இங்கயே கெட. சத்தம் போடாத," என்று என்னிடம் கிசுகிசுத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் தெருவில் பெண்கள் ஓவென்று கூச்சலிட்டது கேட்டது.

நான் செய்த தப்புக்கு இதுதான் பரிகாரம் என்று, அப்பா விழித்துவிடாமல் காவல் காத்தேன். கால் மரத்துப்போகிறவரை அசையாமல் அருகில் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஈ வந்து அப்பாவின் காதில் உட்கார்ந்தது. எனக்கு உயிரே போயிற்று. அப்பாவின் கை மெதுவாக எழுந்து, ஈயை விரட்டி, காதைச் சொறிந்து, மறுபடி இடுப்பில் போய்ப் படுத்தது. அத்தனை நேரமும் குறட்டை ஒரு சுருதி குறையவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் எங்கள் வேலிச் சாக்குக்குள் ஓடுகள் கலகலவென்று விழுந்த பிறகுதான் அப்பா எழுந்தார்.

அப்பாவை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. இனி யாரிடமும் எதுவும் சொல்வதில்லை என்று இருந்தவன், மறுநாள் பள்ளிக்கூடத்தில் அடக்க முடியாமல் பக்கத்துப் பையனிடம் சொன்னேன். "எங்க அப்பா தூங்கிக்கினே ஈ ஓட்டுவாரு, தெரியுமா?" மத்தியானத்துக்குள் அது தெரு முழுக்கப் பரவிவிட்டது. அடிபம்பில் என்னைப் பார்த்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. இதை அவரிடம் சொல்லாதே, இவரிடம் சொல்லாதே என்று என்னிடம் யாரும் சொல்லவில்லையே.