ஆந்தை இல்லாத கோட்டை

பிள்ளைகளே, செம்பூரில் ரயிலேறி, கடலோரத்தில் பாழடைந்து கிடக்கும் ஒரு கோட்டைக்கு வந்திருக்கிறோம். என் மகள் எஸ்தருக்கு ஆந்தை பார்க்க வேண்டும். கோட்டைக் காவலாளி திருநெல்வேலிக்காரர். இந்த மராத்தி ஊரில் எங்கள் தமிழைக் கேட்டதும் சிரிக்கிறார். ஆந்தை என்றதும் முகம் மாறிவிடுகிறது.

“அதெல்லாம் இங்க கெடையாது அண்ணாச்சி.”

எஸ்தர் சுவரோரம் குனிந்து ஒரு சாம்பல்நிற உருண்டையை எடுக்கிறாள். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். பிய்த்தால் உள்ளே எலி முடியும் சின்னச் சின்ன எலும்புகளும்.

“இது ஆந்தை கக்கினதுதானே, அங்கிள்?”

அவர் கையில் துடைப்பம் இருக்கிறது. “டெய்லி பெருக்குதேன், ஒண்ணு விட்டுப் போச்சே!” என்று தலையில் கை வைக்கிறார். “தீவாளி வந்தா பூசையில பலி குடுக்கன்னு ஆந்தை பிடிக்க வாரானுவ, பாப்பா. இதப் பாத்தா எடம் தெரிஞ்சிரும்லா?”

எஸ்தர் அண்ணாந்து பார்க்கவில்லை. கீழே சிதறிய எலும்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவருடைய முறத்தில் போடுகிறாள். கடைசி எலும்பும் விழுந்த பிறகு, அவரே துடைப்பத்தைத் தூக்கி மேலே காட்டுகிறார். சுவர்ப் பொந்துக்குள்ளிருந்து ஒரு வெள்ளை முகம் எங்களையே பார்க்கிறது.

கோட்டையின் பெயரை முதல் வரியில் எழுதியிருந்தேன். இப்போது அடித்துவிட்டேன்.