கடைசி வண்டியில் கொடுத்தனுப்பிய கொடி

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. கதை கட்டி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். என் அக்காவின் காதுக்கு மட்டும் இது போய்விடக் கூடாது.

சாலைப் பணியில் கொடி பிடிப்பது என் வேலை. அப்போது எங்களுக்குக் கொடுத்திருந்தது நகரத்தின் நடுவே இருந்த ஒரு பழைய தெரு. அடியில் கழிவுநீர்க் குழாய் நைந்துபோய், தரை அங்கங்கே உள்வாங்கிக் கிடந்தது. வீடுகளைக் காலி செய்தாயிற்று. ஆனாலும் நெரிசலுக்குப் பயந்த வண்டியெல்லாம் அதன் வழியாகத்தான் குறுக்கே பாயும். அன்று மாலை ஆறு மணியோடு, கடந்து போகிற வண்டிகளுக்கு அதை மூடிவிட உத்தரவு.

ஒரு முனையில் நான். மறுமுனையில் அக்கா வீட்டுக்காரர். மாமா என்று கூப்பிடுவேன். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். நடுவில் தெரு வளைவதால் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. பேச்சு எல்லாம் வாக்கிடாக்கியில்தான்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே விடுகிற கடைசி வண்டியில் ஒரு சிவப்புக் கொடியைக் கொடுத்தனுப்புவோம். மறுமுனையில் இருப்பவர் அதை வாங்கிக்கொண்டால் தெரு காலி என்று அர்த்தம். கொடி போய்ச் சேராமல் தெருவை மூடக் கூடாது. பழைய கொடி கிழிந்துபோனதால் அன்று காலையில்தான் அக்கா புதிது தைத்தாள். சிவப்பு நூல் தீர்ந்துபோய் மஞ்சள் நூல் போட்டிருந்தாள்.

"இதைப் பார்த்தா வண்டி நிக்காது, சிரிச்சிட்டுப் போயிடும்" என்று மாமா அவளைச் சீண்டினார்.

ஆறு மணி. ஒரு லாரியை விட்டுவிட்டுக் கையைத் தூக்கினேன். பின்னால் ஒரு கார் நின்றது. வெளிர் மஞ்சள் நிறம். உருண்டை விளக்குகள். அந்த மாதிரி வண்டியை இப்போதெல்லாம் பார்க்கவே முடியாது. வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. டக்… டக்…

மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

ஓட்டி வந்தவள் ஒரு பெண். தலைமுடி நனைந்து கன்னத்தில் ஒட்டியிருந்தது. இதுதான் கடைசி வண்டி என்று முடிவு செய்து, "அந்தப் பக்கம் கொடுத்துடுங்கம்மா" என்று கொடியை நீட்டினேன். வாங்கினாள். விரல் பட்டது. ஐஸ் மாதிரி இருந்தது. கொடியைப் பக்கத்துக் காலி சீட்டில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

"மாமா, கடைசி வண்டி வருது. பழைய கார்."

"சரி மாப்ளே."

இரண்டு நிமிடத்தில் கடக்கிற தெரு. பத்து நிமிடம் ஆயிற்று.

"வந்துடுச்சா?"

"எதுவும் வரலையே. கொடியைக் கொடுத்தியா, மறந்துட்டியா?"

"கொடுத்தேன் மாமா."

"அப்ப நடுவுல நின்னு தொலைச்சிருக்கும். போய்ப் பாக்குறேன். நேரமானா உங்கக்கா சாப்பிடாம உக்காந்திருப்பா."

ஆறு பதினான்கு. அவருடைய மூச்சும் செருப்புச் சத்தமும் கேட்டன.

"இங்கதான் நிக்குது. லைட் எரியுது… அந்தப் பொண்ணு கொடியைக் காட்டிக் கூப்பிடுறா."

"இன்ஜின் ஓடுதா மாமா?"

செருப்புச் சத்தம் நின்றது.

"இல்ல… வைப்பர் மட்டும் ஓடுது."



"கிட்டப் போகாதீங்க. திரும்பிடுங்க."

கார்க் கதவு திறந்தது. கேட்டேன்.

மூடியது.

பிறகு… டக்… டக்…

தடுப்பைக் குறுக்கே இழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன். தெரு காலி. கார் இல்லை. மாமா இல்லை. மறுமுனையில் அவருடைய நாற்காலி மட்டும். எந்தக் காரும் வெளியே வரவில்லை என்று அங்கே காத்து நின்ற வண்டிக்காரர்கள் சொன்னார்கள்.

வளைவில், காய்ந்த தாரின் மேல், ஈரமான டயர்த் தடம் இருந்தது. பாதியில் நின்றுவிட்டது. அதற்கு மேல் போகவில்லை. தரையில் ஒரு விரிசல்கூட இல்லை.

போலீஸ் தேடியது. அந்த இடத்தைத் தோண்டுங்கள் என்று கெஞ்சினேன். தரை மேலும் சரியும், மேலிடத்து உத்தரவு வேண்டும் என்றார்கள். என் வாக்கிடாக்கியில் டக்… டக்… நிற்கவே இல்லை. வேறு ஏதோ சிக்னல் என்றார்கள். மாமாவின் செட்டில் ஒரு ராத்திரிக்குத்தான் சார்ஜ் நிற்கும்.

அக்கா என் வாக்கிடாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கேக்குதாங்க? நான்தான். வந்துடுங்க."

பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நான்காம் நாள். விடியற்காலை ஐந்தரை.

சத்தம் நின்றது.

உத்தரவு அன்று மதியம்தான் வந்தது.

மேல் தாரை வெட்டினார்கள். அதன் கீழே பழைய தார். அக்கா பிறப்பதற்கு முன்பே போட்டது என்றார் இன்ஜினியர். அதிலும் உடைசல் இல்லை. அதையும் வெட்டினார்கள். கீழே பெரிய பள்ளம். பள்ளத்தில் ஒரு கார். துருவேறிக் கதவுகள் இறுகிப்போயிருந்தன. அறுத்துத்தான் திறந்தார்கள்.

ஓட்டுகிற சீட்டில் எலும்புகள்.

பக்கத்து சீட்டில் மாமா.

ஒரு கையில் கொடி. மஞ்சள் நூல். மறுகையில் வாக்கிடாக்கி. கட்டை விரல் பேசுகிற பட்டனை அழுத்தியபடி இருந்தது. அதை அழுத்திக்கொண்டிருக்கும்வரை எதிர்ப்பக்கம் பேசுவது கேட்காது. அக்கா பேசிய ஒரு வார்த்தைகூட அவருக்குக் கேட்டிருக்காது.

முதல் நாளே போயிருப்பார் என்று அக்காவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். இன்றுவரை அவள் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"இறந்து ஒரு நாள்கூட ஆகலைப்பா" என்றார். "இன்னைக்கு விடியக்காலைலதான்."