பதினெட்டாம் நம்பருக்கு நான் கொடுத்த பிராக்ஸி

எனக்குப் பதினேழாம் நம்பர், அவனுக்குப் பதினெட்டு. யுத்தத்துக்கு முன்னால் திருச்சியில் பி.எஸ்ஸி. படித்தபோது வகுப்பில் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், நம்பர்தான். அவன் காவிரியில் நீந்தப் போயிருப்பான். நான் பதினேழுக்கு என் குரலிலும், பதினெட்டுக்குத் தொண்டையைக் கொஞ்சம் இறுக்கி அவன் குரலிலும் "பிரசென்ட் சார்" சொல்வேன். பிராக்ஸி கொடுப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அவன் அப்பா ஸ்ரீரங்கத்திலிருந்து தேடி வந்தாலும், "லைப்ரரியில இருக்கான் சார்" என்பேன். வீட்டிலிருந்து யார் வந்து கேட்டாலும் 'இருக்கான்' என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் செட்டில் அது வழக்கம்.

பிறகு பிழைப்பு ஆளுக்கொரு பக்கம் இழுத்தது. நான் கணக்கு வாத்தியார் ஆனேன். ஒருத்தன் வக்கீலாகி, தில்லை நகரில் வீடு கட்டி, கோர்ட்டில் காட்டாத பொறுமையை ரோஜாச்செடிகளிடம் காட்டிக்கொண்டிருந்தான். இன்னொருத்தன் பெரிய கடை வீதியில் ஜவுளிக்கடை. பதினெட்டாம் நம்பர் ஒரு தனியார் கம்பெனியில் வரைபடப் பிரிவுக்குத் தலைமை. வீட்டில் மனைவி, இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லீவு நாட்களில் அவன் ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

வருஷத்துக்கு ஒரு தரம், ஆடி மாதம் முதல் ஞாயிறு, தென்னூரில் என் வீட்டு மாடியில் கூடுவோம். எட்டுப் பேர் வந்தால் பெரிசு. சாப்பிட்டதும் வக்கீல் எழுந்து நின்று பழைய புரொபசர் மாதிரியே மூக்கால் பேசி அட்டெண்டன்ஸ் எடுப்பான். வராதவனுக்கு யாராவது பிராக்ஸி கொடுப்போம். நரைத்த தலைகளெல்லாம் சின்னப் பிள்ளைகள் போலச் சிரிக்கும்.

அறுபதுகளின் நடுவில் ஒரு ஆடி. அந்த வருஷம் கொள்ளிடத்திலும் தண்ணீர் திறந்து விட்டிருந்தார்கள், இரு கரையும் தொட்டுப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. கூடுவதற்கு ஒரு வாரம் முன்னால் அவன் என் வீட்டுக்கு வந்தான். கையில் என்னுடைய பழைய பிசிக்ஸ் புத்தகம். காலேஜில் வாங்கிக்கொண்டு போனது, இருபத்தைந்து வருஷமாகத் திருப்பித் தராதது.

"என்னடா, ஊரை விட்டு ஓடப்போறியா?" என்று கேட்டேன்.

"இல்லடா, அலமாரியை ஒழிக்கிறேன்" என்றான். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டான். காபி வேண்டாம் என்று அவன் சொல்லி நான் கேட்டதே இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? மரமண்டை எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை. வக்கீல் "எயிட்டீன்" என்றதும் நான் தொண்டையை இறுக்கி "பிரசென்ட் சார்" என்றேன். மாடியே அதிர்ந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கீழே வாசலில் யாரோ கூப்பிடும் சத்தம். இறங்கிப் போனேன். அவன் மனைவி நின்றிருந்தார். மதியம் ஒன்றரை மணி வெயிலில், தனியாக, ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். அதற்கு முன் அவர் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்ததே கிடையாது.

"அண்ணா, அவர் இங்கேதானே இருக்கார்? கார்த்தால உங்காத்துக்குன்னுதான் கிளம்பினார். கண்ணாடியைப் பெருமாள் அலமாரியில வச்சுட்டு வந்துட்டார். அது இல்லாம அவருக்கு ஒண்ணும் தெரியாது. அதான் குடுத்துட்டுப் போகலாம்னு."

போன வருஷமும் எங்கள் பேரைச் சொல்லிவிட்டு மேட்னி ஷோவுக்குப் போனவன் அவன். இந்தத் தடவையும் அப்படித்தான் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"மாடியில இருக்கான்மா. கேக்கலையா சத்தம்? வரச் சொல்லட்டுமா?"

அவர் மாடியை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "வேண்டாம் அண்ணா. இருக்கார்னா போதும்." கண்ணாடிக் கூட்டை என் கையில் கொடுத்தார்.

"கொடுத்துடறேம்மா" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு எல்லாரும் கலைந்தார்கள். அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பையில் அந்தக் கூடு நெஞ்சில் இடித்துக்கொண்டே இருந்தது. கண்ணாடி இல்லாமல் எவனாவது சினிமாவுக்குப் போவானா? அது தோன்றியதும் வக்கீலைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கு ஓடினேன். அவன் மனைவி வாசலுக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார்.

"அவர் பின்னால வராரா?"

அன்றைக்குத்தான் மற்றதெல்லாம் தெரிந்தது. வக்கீல், அவனுடைய கம்பெனி ஆள் ஒருவரைப் பிடித்து விசாரித்தான். சித்திரையிலேயே வேலை போய்விட்டதாம். மூன்று மாதமாகத் தினமும் டிபன் கேரியரோடு கிளம்பி, எங்கேயோ உட்கார்ந்திருந்துவிட்டு, சரியான நேரத்துக்கு வீடு திரும்பியிருக்கிறான். அப்பேர்ப்பட்ட நீச்சல்காரன். மூன்றாம் நாள் கொள்ளிடத்தில் வெகு தூரம் கீழே கிடைத்தான்.

கரையில் அவன் செருப்பும் மடித்த சட்டையும் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் துணி துவைப்பவர் ஒருவர் போலீசிடம் சொன்னதை நானும் நின்று கேட்டேன். "காலையிலேருந்து அந்த மரத்தடியிலதான் உக்காந்திருந்தாருங்க. நாலு மணிக்கு நான் துணி எடுக்கறப்பவும் இருந்தாரு. யாரோ வரப்போறாங்கன்னு பார்த்துக்கிட்டு இருக்காருன்னு நெனச்சேன்."

ஒன்றரை மணிக்கு அவன் மனைவி என் வாசலில் நின்றார். 'வரவில்லையே அம்மா' என்று நான் சொல்லியிருந்தால் எட்டுப் பேர் கிளம்பியிருப்போம். அவன் ஆற்றங்கரைக்குத்தான் போவான் என்பது எங்களில் எவனுக்குத் தெரியாது?

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகு அந்தக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் கூடத்தில் வைத்தேன். பிரித்துப் போட்ட ரேடியோ அப்படியே கிடந்தது. திட்டுவார், அழுவார் என்று நினைத்தேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அவர் கூட்டைத் திறந்து, கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

"குடுத்துடறேன்னு சொன்னேளே அண்ணா" என்றார்.