கீறல் விழாத ஹெலி

கொக்குவில் குணலட்சுமி ரீச்சர் எந்தப் பொருளையும் பழுதாக்கியதில்லை. ஏனென்றால் எந்தப் பொருளையும் பாவித்ததில்லை. தொண்ணூற்றைந்து யுத்த இடப்பெயர்வின்போது, தன் கலியாணத்துக்குப் பரிசாக வந்த தேநீர்க் கோப்பைகளை வைக்கோலில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டித் தென்மராட்சிக்குக் கொண்டுபோனார். ஒன்றுகூட உடையாமல் திருப்பிக் கொண்டுவந்தார். ஷெல்லடிக்குத் தப்பிய அந்தக் கோப்பைகள் இன்றைக்கும் கண்ணாடி அலுமாரியில் இருக்கின்றன. அவற்றுக்குள் இதுவரை தேநீர் போனதில்லை.

போன வருடம் கனடாவிலிருந்து வந்த விளையாட்டு ஹெலிகொப்டரும் கோப்பைகளுக்குப் பக்கத்தில் பெட்டியோடு குடியேறியது. அனுப்பியவள் தம்பி பிரவீணனின் சின்ன மகள் நிவேதனா. மாமி பறக்கவிட்டுப் பழகவேண்டும், தான் வந்து பார்ப்பேன் என்பது அவளுடைய கட்டளை.

ரீச்சர் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஆனால் வாட்ஸப்பில் பிள்ளை கேட்கும்போதெல்லாம் ஹெலி பிரமாதமாகப் பறந்தது. முதலில் விறாந்தைவரை போனது. பிறகு காகத்தைக் கலைத்தது. கடைசியில் மாமரத்தில் மோதி விழுந்து, திரும்பவும் எழும்பியது. பொய் சொன்ன பிள்ளைகளின் காதை முறுக்கியே ஓய்வுபெற்ற கை, போனைப் பிடித்தபடி கூசாமல் இருந்தது.

பிள்ளையில்லாத வீடு அது. மற்ற உறவுகளோடு "ஓம்", "ம்" என்று முடித்துவிடுகிற நிவேதனா, மாமியோடு மட்டும் ஹெலியைப் பற்றி மூச்சுவிடாமல் கதைப்பாள். அந்தக் கதை நின்றுபோனால் என்ன செய்வது என்பதுதான் ரீச்சரின் பயம்.

தகப்பனும் மகளும் ரயிலில் வந்திறங்குகிற காலை, ரீச்சர் முதன்முதலாகப் பெட்டியைத் திறந்து சார்ஜ் வயரைச் செருகினார். சிவப்பு லைற் எரியவில்லை.

கணவர் கேதீஸ்வரன் குனிந்து பார்த்தார். மின்சாரக் கந்தோரில் பில் பகுதியில் இருந்தவர். ஆகவே அந்த வீட்டில் கரண்டைப் பற்றிய கடைசித் தீர்ப்பு அவருடையது.

"உதின்ரை சுவிச்சைப் போட்டனீரோ?"

"நீங்கள் சொன்னபடி போட்டுத்தான் கிடக்கு."

"அப்ப பற்றறி செத்துப்போச்சு."

"சுவிச்சை நிப்பாட்டிப்போட்டு சார்ஜ் ஏத்தச் சொல்லியெல்லோ பெட்டியிலை கிடக்கு?"

"நிப்பாட்டினால் கரண்டு எந்த வழியாலை ஏறும்? நீர் கணக்குப் படிப்பிச்ச ஆள். கரண்டை என்னட்டை விடும்."

"சரி, விட்டன். குசினியிலை பால் பொங்குது, ஓடிப் பாருங்கோ."

அவர் ஓடினார். ரீச்சர் சுவிச்சை நிப்பாட்டினார். லைற் பளிச்சென்று எரிந்தது. அடுப்பில் பாலே இல்லை. ஆனால் ஒரு வருடமாகச் சொன்ன பொய்களோடு பார்த்தால் இது சின்னப் பொய்.

சிறிது நேரத்தில் லைற் அணைந்தது.

"பாத்தீரே, கரண்டு போயிட்டுது!" என்றார் கேதீஸ்வரன், நியாயம் கிடைத்த குரலில்.

"மேலை பாருங்கோ."

மேலே ஃபான் சுற்றிக்கொண்டிருந்தது.

"சார்ஜ் நிரம்பினால் லைற் நூருமாம்."

படலை கிறீச்சிட்டது. நிவேதனா ஓடிவந்து மாமியைக் கட்டிப்பிடித்தாள். அடுத்த நொடி ஹெலியைத் தூக்கி இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"மாமி, இது மாமரத்திலை அடிபட்டதெண்டு சொன்னீங்கள்?"

"ஓம் பிள்ளை."

"அப்ப கீறல் எங்கை?"

பறக்குமா, பறக்காதா என்றுதான் ரீச்சர் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தார். புதிதாக இருப்பதே காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைக்கவில்லை.

"அக்கா எந்தச் சாமானைப் பாவிச்சவ?" என்றான் பிரவீணன், பையை இறக்கியபடி.

"நீ பேசாமலிரு," என்று தம்பியை அடக்கிவிட்டு, ரீச்சர் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். "பொய்தான், குஞ்சு. ஒருநாளும் பறக்கவிடேல்லை. உடைஞ்சுபோனால் பிறகு நீ என்னோடை எதைக் கதைப்பாய்?"

நிவேதனா யோசித்தாள். "காகம்?"

"அதுவும் பொய்."

"அது நல்ல பொய் மாமி," என்று சிரித்துவிட்டாள். "வாங்கோ, மரத்திலை இடிப்பம்."

முற்றத்தில் ரிமோட் ரீச்சரின் கையில். ஹெலி உறுமி எழும்பியது, தள்ளாடியது, கிணற்றடிப் பக்கம் போவதுபோலப் போக்குக்காட்டி, நேரே மாமரத்தில் மோதி விழுந்தது. காகம் ஒன்று திட்டிக்கொண்டே பறந்தது.

"கீறல்!" என்று பிள்ளை ஹெலியைப் பரிசுக் கிண்ணம்போலத் தூக்கிக் காட்டினாள். "இன்னொருக்கா!"

சார்ஜ் தீரும்வரை இன்னொருக்காக்கள் நடந்தன. பிறகு ரீச்சர் யாரையும் கேட்காமல் சுவிச்சை நிப்பாட்டி, வயரைச் செருகினார்.

"லைற் நூருமட்டும் கதைச்சுக்கொண்டிருப்பம், என்ன?" என்றாள் நிவேதனா, பக்கத்தில் சப்பாணி கட்டியபடி.

"தேத்தண்ணி போடட்டே?" என்று கேதீஸ்வரன் குசினியிலிருந்து கேட்டார்.

"போடுங்கோ. பிள்ளைக்கு அலுமாரிக் கோப்பையிலை குடுங்கோ."

கேதீஸ்வரன் குசினியிலிருந்து தலையை நீட்டி ரீச்சரைப் பார்த்தார்.

"ஒண்டை மட்டும் எடுங்கோ," என்றார் ரீச்சர்.