வீட்டுத்துணி ஏறிய வெள்ளாவி

"பத்தாம் கிளாஸ் பாடம் சொன்னா செள்ளு சாகுமாடி?"

கேட்டவர் என் மாமா, அம்மாவின் தம்பி. மட்டாஞ்சேரியில் ஓர் அரிசிக் கோடவுனில் மூட்டை தூக்குகிறவர். அப்போது அவர் கையில் காகிதத்தில் மடித்த வெள்ளைப் பொடி இருந்தது. நான் வாசற்படியில் குறுக்கே நின்று, அதை உள்ளே தூவக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். செள்ளு என்றால் தெள்ளுப்பூச்சி. எங்கள் வீட்டில் தமிழ்தான் பேசுவோம். ஆனாலும் கடிக்கிறது, கொட்டுகிறது, விலை ஏறுகிறது என்றால் மலையாள வார்த்தைதான் முதலில் வாயில் வரும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. கோடவுன்களுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஓடு போட்ட சிறிய வீடு. அப்பாவுக்குத் துணி வெளுக்கும் தொழில். அம்மா நீலம் போட்டுக் கஞ்சியில் முக்குவாள். அக்கா இஸ்திரி போடுவாள். பெட்டிக்குள் தேங்காய்ச் சிரட்டைக் கரி சிவந்து கிடக்கும். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து பாடம் படிப்பேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது என் தலை கொஞ்சம் நிமிரும். நிமிரட்டும்.

வீட்டுக்குப் பின்னால் வெள்ளாவி இருந்தது. மண் அடுப்பின்மேல் பெரிய செம்புப் பானை. சலவைக் காரத்தில் முக்கியெடுத்த துணிகளை அதன் வாயைச் சுற்றிக் கோபுரமாக அடுக்கி, மேலே மூடி, கீழே தீ போட்டால், ஆவி ஒவ்வொரு மடிப்பிலும் நுழைந்து வெளியே வரும். காலையில் பிரிக்கும்போது எழும் வாசனை எனக்கு இன்றும் எங்கேயாவது நீராவியைப் பார்த்தால் வந்துவிடுகிறது. வெந்த பருத்தி, காரம், ஈர விறகு எல்லாம் சேர்ந்த வாசனை.

அந்த வருடம் அக்காவின் குழந்தை எங்களோடு இருந்தது. அத்தான் கப்பலில் சமையல் வேலைக்குப் போயிருந்தார். கொச்சு என்றுதான் குழந்தையைக் கூப்பிடுவோம்; தவழ ஆரம்பித்த நேரம். மழையும் அப்போதுதான் பிடித்தது. மழையோடு செள்ளும் வந்தது.

முதலில் எங்கள் கணுக்காலில் சிவப்புப் புள்ளிகள். பிறகு குழந்தையின் காலில், தொடையில், இடுப்பில். அவள் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்டாள். தர்மாசுபத்திரியில் நீல மருந்து தடவி அனுப்பினார்கள். கடி நிற்காமல் புண் ஆறாது என்றும் சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு அவளைத் தரையில் விடவே முடியவில்லை. யாராவது இடுப்பில் தூக்கிக்கொண்டே நின்றோம். நீலக் கால்களை உதைத்து, இரண்டு கைகளையும் தரையை நோக்கி நீட்டி அழுவாள். தவழக் கற்றுக்கொண்ட குழந்தைக்குத் தரையைக் கொடுக்காமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அந்த மழையில்தான் பார்த்தேன்.

செள்ளு எங்கள் வீட்டுப் பூனையிலிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பூனையை விரட்டிவிடலாமே என்று வெளியாள் கேட்கலாம். வெளுக்கிறவர் வீட்டில் அது நடக்காது. கோடவுன் எலி எங்கள் வீட்டில் ஒரு வேட்டியைக் கடித்தால் அது ஊரார் வேட்டி. பூனையில்லாத வெளுப்பு வீடு பூட்டில்லாத நகைக்கடை என்பார் அப்பா. வேறு கவலையும் இருந்தது. எங்கள் வீட்டில் செள்ளு என்று வாடிக்கை வீடுகளுக்குத் தெரிந்தால் யார் துணி போடுவார்கள்? அம்மா அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் குரலைத் தாழ்த்துவாள்.

அதனால்தான் மாமா பொடியோடு வந்தார். கோடவுனில் பூச்சிக்குத் தூவுவதாம். பாயின் அடியில், தொட்டிலின் கீழே, பூனையின் மேல் எல்லாம் ஒரு தூவு தூவினால் போதும் என்றார். நான் மறித்ததும் அவருக்குச் சிரிப்பு.

"மூட்டைமேல தூவுறோம். அந்த அரிசியத்தான் நீயும் திங்கிற, டாக்டரம்மா. செத்தா போயிட்ட?"

அந்தப் பொடி வந்த டின்னைக் காட்டுங்கள் என்றேன். என்னை மடக்கிவிடலாம் என்ற நம்பிக்கையில் மறுநாளே காலி டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆங்கிலம் எனக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனாலும் வாசலில் நின்று, எல்லோரும் கேட்கும்படி, ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். விஷம். குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும். உணவில் படக் கூடாது. தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவவும்.

மாமா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு டின்னில் இருந்த மண்டையோட்டுப் படத்தைச் சுட்டிக்காட்டி, "நான் அது செள்ளோட மண்டைன்னுல்ல நெனச்சேன். செத்தா இப்படி ஆகும்னு போட்டிருக்கானாக்கும்னு" என்றார். அந்த மழைக்காலத்தில் அக்கா சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "நமக்குத் தட்டு வேற, தரை வேற. கொச்சுக்குத் தரைதான் தட்டு. எதைத் தொட்டாலும் அடுத்தது வாய்தான்."

பொடி போய்விட்டது. ஆனால் மாமா கேட்ட அடுத்த கேள்வி நியாயமானது. பொடி வேண்டாமென்றால் வேறென்ன? பாடத்தைப் படித்துக் காட்டினால் அதுகள் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுமா?

எனக்கும் தெரியவில்லை. வேப்பிலைப் புகை போட்டோம். குழந்தைக்கு இருமல் வந்ததுதான் மிச்சம். பூனையைக் குளிப்பாட்டினோம். அம்மாவின் முழங்கையில் அதன் நகக்கோடு பல வாரம் இருந்தது. பூனை சுத்தமாகி வந்து படுத்த மறுநாள் மறுபடி செள்ளு. அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. செள்ளின் குடியிருப்பு பூனைமேல் இல்லையோ?

பள்ளியில் கொசுவைப் பற்றிப் படித்திருந்தோம். முட்டை ஓரிடம், புழு ஓரிடம், கடிக்கிற பூச்சி வேறிடம். செள்ளும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து, கிழிந்த வெள்ளை வேட்டி ஒன்றை நனைத்துப் பிழிந்து, வீட்டில் ஒவ்வொரு மூலையாக விரித்துப் பார்த்தேன். வெள்ளையில் கறுப்பு தப்பாது. எங்கள் தொழில் முழுதும் அந்த ஒன்றில்தான் நடக்கிறது. அடுப்பு மூலையில் ஒன்றுமில்லை. ஊர்த்துணி அடுக்கிய பலகையிலும் இல்லை. தொட்டிலுக்குக் கீழே, குழந்தைக்கு விரிக்கும் பழந்துணி மெத்தை கிடந்த இடத்தில் வேட்டி செள்ளு ஒட்டி மிளகு தூவியதுபோல ஆகிவிட்டது. பூனையும் பகலில் அங்கேதான் படுக்கும்.

மெத்தையைத் தூக்கினேன். அடியில் இருந்த தூசியைத் துணியோடு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். உப்புத் துகள்போல வெள்ளை மணிகள். அவற்றுக்கிடையே, நூல் பிசிறு என்று நினைக்கக்கூடிய மெல்லிய புழுக்கள் நெளிந்தன. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

வெயிலாக இருந்தால் எல்லாவற்றையும் அள்ளிக் காயப்போட்டிருக்கலாம். முறுக்கிய இரட்டைக் கயிறுகளில் ஊர்த்துணியே காயாமல் தொங்கிக்கொண்டிருந்த மழை அது. மிச்சமிருந்த வழி ஒன்றுதான். அதை அப்பாவிடம் கேட்டேன்: வீட்டுத்துணி எல்லாவற்றையும் வெள்ளாவியில் ஏற்ற வேண்டும்.

அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அது ஆகாது என்றார்.

எங்கள் வழக்கம் அப்படி. வெள்ளாவி ஊர்த்துணிக்கு. எங்கள் துணியைக் கடைசியில், மிச்சத் தண்ணீரில் அலசிப் போடுவோம். சொந்தத் துணி வெள்ளாவி ஏறினால் ஊர்த்துணி வீட்டைவிட்டு இறங்கிப் போய்விடும் என்று அப்பாவுக்கு யாரோ சொல்லி, அவர் எங்களுக்குச் சொல்லி, நாங்களும் நம்பியிருந்தோம். அதில் அர்த்தமில்லாமலும் இல்லை. மழைக்காலத்தில் விறகு பொன். வாடிக்கையாளர் துணியோடு எங்கள் துணி கலந்தது என்று யாராவது பார்த்தால் பேச்சு வரும். நான் முட்டை, புழு என்று விளக்கினேன். அது பள்ளிக்கூடத்துச் சமாசாரம், அடுப்பு என் சமாசாரம் என்று முடித்துவிட்டார்.

அக்கா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவள் அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. அன்றும் குரலை உயர்த்தவில்லை.

"ஊர்ல உள்ள கொச்சுங்களோட தொட்டில்துணியெல்லாம் உங்க வெள்ளாவியில வெந்துதானே போகுது, அப்பா. நம்ம வீட்டுக் கொச்சு மட்டும் வேகாத பச்சைத்துணியில கெடக்கு."

அப்பா எழுந்து கொல்லைக்குப் போனார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் விறகு பிளக்கும் சத்தம் கேட்டது.

அதன்பிறகு நடந்ததை நினைத்தால் திருவிழாபோல இருக்கிறது. மெத்தையைப் பிரித்துத் துண்டு துண்டாக்கினோம். பாய், தலையணை உறை, அம்மாவின் சேலைகள், கால்மிதி, பூனை படுத்த சாக்கு, எதையும் விடவில்லை. அப்பா பழக்கத்தில் குறி போட உட்கார்ந்தார். ஒவ்வொரு வாடிக்கை வீட்டுக்கும் சேங்கொட்டைச் சாற்றில் ஒரு புள்ளியோ கோடோ துணியின் ஓரத்தில் இருக்கும். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் எந்தக் குறி எந்த வீடு என்பதில் ஒருநாளும் தவறியதில்லை. கையில் குச்சியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம வீட்டுக்குக் குறி இல்லியே" என்றார்.

இருக்கத் தேவையே வந்ததில்லை. கொஞ்சம் யோசித்து, ஒரு புள்ளி, அதன்மேல் கூரைபோல வளைந்த ஒரு கோடு போட்டார். குழந்தையின் துணிகளில் மட்டும் போடவில்லை. சேங்கொட்டை இளந்தோலில் பட்டால் புண்ணாக்கும். அதனால் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட்டார்.

துணி வெந்துகொண்டிருந்தபோது குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நானும் அம்மாவும் தரையைப் பிடித்தோம். விரிசல்களில் குச்சி விட்டுக் கிளறி, தூசியைப் பெருக்கி எடுத்து அடுப்பில் போட்டோம். காரம் கலந்த கொதிநீரைத் தரையிலும் சுவரோரத்திலும் ஊற்றினோம். பிறகு நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவிவிட்டோம். காரமும் குழந்தைக்கு ஆகாது. பூனையை மடியில் கிடத்தி, பேன்சீப்பால் வாரி வாரி, சீப்பைச் சோப்புத் தண்ணீரில் முக்கினேன். குளியலுக்குப் பிறாண்டிய பூனை சீப்புக்குக் கண்மூடிக் கொடுத்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் அறையைச் சாத்தி, அகலத் தட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு சிறு விளக்கை வைத்தோம். வெளிச்சத்துக்குக் குதித்தவை தண்ணீரில் விழுந்தன.

கடி நின்று வீடு அமைதியானது. அக்கா குழந்தையைத் தரையில் விடலாமா என்று கண்ணாலேயே கேட்டாள். இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்றேன். நான் சொன்னது சரியாகப் போயிற்று. சில நாட்களில் என் கணுக்காலில் மறுபடி சிவப்பு.

மாமா சாயா குடிக்க வந்திருந்தார். "வந்தாச்சு உன் விருந்தாளிங்க" என்றார். "வெள்ளாவியில குளிச்சு, வெள்ளையுடுத்தி வந்திருக்காங்க."

ஆனாலும் பாடத்தைவிட்டு நான் நகரவில்லை. விரிசலுக்குள் கூட்டுப்புழுவாக இருந்தவை இப்போது வெளியே வருகின்றன, அவை முட்டையிடுவதற்குள் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும் என்றேன். அப்பாவிடம் எப்படிக் கேட்பது என்று தயங்கிக்கொண்டே கொல்லைக்குப் போனால், அவர் ஏற்கெனவே பானையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். "சட்டையில ஒரு கறை ஒரே வெளுப்பிலயா போகுது?" என்றார், என்னைப் பார்க்காமல்.

மழை விடும்வரை அப்படியே செய்தோம். ஊர்த்துணி ஒரு வெள்ளாவி, வீட்டுத்துணி ஒரு வெள்ளாவி. எந்த வாடிக்கை வீடும் எங்களைவிட்டுப் போகவில்லை. நனைத்த வேட்டியை விரித்துப் பார்ப்பேன். கறுப்பு குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் வேட்டி விரித்தபடியே வெள்ளையாகக் கிடந்தது. மறுநாளும் பார்த்தேன். அதற்கு அடுத்த நாளும்.

அக்கா குனிந்து குழந்தையைத் தரையில் இறக்கினாள். குழந்தை ஒரு நிமிடம் இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் வைத்து, அது அங்கேதான் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல அழுத்தினாள். பிறகு நேராகப் பூனையை நோக்கிப் போனாள். பூனை எழுந்து ஓடியது. மாமா வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். செள்ளு செத்ததா என்று நான் கேட்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் அவர் கூட வேலை செய்யும் ஒருவரின் மனைவி எங்கள் வாசலில் வந்து நின்று, குரலைத் தாழ்த்தி, அந்த வெள்ளைத்துணி விரிக்கிற மோள் இருக்கிறாளா என்று கேட்டாள்.

சில வருடங்களில் அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். காலில் தழும்புகூட இல்லை. அந்த வருடம்தான் நான் எர்ணாகுளத்தில் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்தேன். கிளம்புவதற்கு முந்தின நாள் என் படுக்கை விரிப்பை வெள்ளாவியில் ஏற்றியவர் அப்பாதான். பெட்டியைப் படகுத்துறைவரை தலையில் சுமந்துவந்தவர் மாமா. வழியெல்லாம் டாக்டரம்மா என்றே கூப்பிட்டார். கிண்டல்தானா என்று எனக்கு நிச்சயமில்லை.

விடுதியில் நுழைந்ததும் கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்தேன். அடியில் பெருக்கினேன். தரையின் விரிசலில் கொதிநீர் ஊற்றினேன். புள்ளியும் கூரையும் போட்ட விரிப்பை உதறி விரித்தேன். பக்கத்துக் கட்டில் பெண் கால்களைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டு, இதெல்லாம் எதற்கு என்று கேட்டாள். அவளுடைய கட்டிலையும் இழுக்கத் தொடங்கினேன்.