விளக்கின் கீழ் ஒரு சிரிப்பு

1985இல் சுவிஸில், ஓல்டன் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த உணவகத்தில் தவச்செல்வன் அண்ணை கோப்பை கழுவினார். ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர். பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கு உரித்தது நான்.

சாப்பாட்டு மண்டபத்தில் பழைய கோப்பி விளம்பரத் தகரம் ஒன்று மாட்டியிருந்தது. கரிக்கட்டை முகம், பல்லைக் காட்டிச் சிரிக்கும் தக்காளிப்பழ உதடு, பிதுங்கிய கண், சிவப்புத் தொப்பி, கையில் கோப்பித் தட்டு. மேலே ஒரு சின்ன பல்ப் நாள் முழுக்க எரியும். தகரத்தில் இருந்த டொச் எழுத்து, அதாவது ஜெர்மன், எங்கள் இருவருக்கும் விளங்காது. எங்கள் ஊரில் சுவர்ப்படத்துக்கு விளக்கு எரிந்தால் அது சாமி, இல்லாவிட்டால் செத்தவர்.

"ஆரண்ணை உது?"

"இந்தக் கடைக்கு உழைச்சுச் செத்த மனிசனாக்கும். கறுப்பனுக்கும் விளக்குப் போட்டிருக்கினம். நல்ல சனம்."

அந்த நம்பிக்கையில் தினமும் வேலை தொடங்குமுன் ஈரத்துணியால் அந்த முகத்தைத் துடைப்பார். நான் கிண்டல் செய்தால் கண்டுகொள்ள மாட்டார்.

அதைப் பார்த்த முதலாளி ஹூபர் அம்மா, அண்ணைக்குத் தகரம் பிடித்துப்போயிற்று என்று நினைத்துவிட்டார். உணவகத்தின் ஐம்பதாவது ஆண்டு வந்தபோது ஒரு சிவப்புத் தொப்பியோடு வந்து நின்றார். அண்ணை அதைப் போட்டுக்கொண்டு, தட்டோடு தகரத்தின் பக்கத்தில் நின்று பல்லைக் காட்ட வேண்டுமாம். அந்தப் படத்தைச் சீனிப் பைக்கற்றில் அச்சடிப்பாராம். "உன்னைப் போலவே இருக்கிறான்," என்று சிரித்தார். மனதில் கெட்ட எண்ணம் கிடையாது. அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்.

அண்ணையின் அகதி வழக்கு முடியவில்லை. வேலை போனால் மனைவி பத்மினியை இங்கே கூப்பிடும் கதை அதோடு சரி. அவர் தொப்பியைப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார். அந்த முகத்தை எதற்காக வரைந்தார்கள் என்று அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். அவர் முகம் செத்துப்போயிற்று.

"நைன்," மாட்டேன் என்றார். தொப்பியை மேசையில் வைத்துவிட்டுக் கோப்பை கழுவப் போனார்.

"வேலை போகப்போகுது அண்ணை."

"போகட்டும். அவையள் பாத்துச் சிரிக்கிறதுக்கு நானெல்லோ ஒரு வருசமாய் அவனைத் துடைச்சு மினுக்கிக் குடுத்திருக்கிறன்."

வேலை போகவில்லை. ஹூபர் அம்மா கதைக்காமல் திரிந்தார். மறுநாள் காலை அண்ணை தகரத்தைத் துடைக்கவில்லை, பல்பை அணைத்தார். மத்தியானம் ஹூபர் அம்மா போட்டார். அடுத்த காலை அண்ணை மறுபடி அணைத்தார். ஒரு வாரம் இப்படியே நடந்தது.

எட்டாம் நாள் ஹூபர் அம்மா பல்பைப் போடவில்லை.

"இனியெண்டாலும் மனிசன் சிரிக்காமல் இருக்கட்டும்," என்றார் அண்ணை.