என் வீட்டுக்காரர் படித்த இங்கிலீஷ்

‘சமத்துவமின்மை’ என்ற சொல் என் வீட்டுக்காரர் வாயில் நுழைய நாலு நாள் ஆனது. அது தமிழ். இங்கிலீஷை அவர் இன்னும் தொடவே இல்லை.

“இனிக்குவாலிட்டின்னா சமத்துவமின்மைன்னு போட்டிருக்கு. சரி, சமத்துவமின்மைன்னா என்னன்னு நான் யாரைப் போய்க் கேக்கிறது?” என்று பாடத்தாளை என் மூஞ்சிக்கு நேராக நீட்டினார். நான் அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து நின்ற காலில் படுக்கை விரிப்பு மடித்துவிட்டு வந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது?

“நான் நின்னு பாத்திரம் தேய்க்கிறேன், நீங்க உக்காந்து படிக்கிறீங்க பாருங்க, அதுதான்” என்றேன்.

உள்ளே மகள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, தாளின் ஓரத்தில் பென்சிலால் அதை அப்படியே எழுதிக்கொண்டார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, சொல்லுங்கள்.

“இனிக்குவாலிட்டியாம். பேருல மட்டும்தான் இனிக்குது” என்று சொல்லிவிட்டு நான் குழாயைத் திறந்துவிட்டேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில்தான் வேலை. நான் லினன் ரூமில். வெளுத்து வருகிற துணிகளை மடித்து, தள்ளுவண்டியில் அடுக்கி மாடி மாடியாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர். அங்கே எல்லோரும் அவரை ‘எக்ஸ்பிரஸ்’ என்று கூப்பிடுவார்கள். வேகமாகத் தள்ளுகிறார் என்பதற்காக இல்லை, ஆமை மாதிரி தள்ளுகிறார் என்பதற்காக. லிஃப்ட் வாசலில் ஒரு சின்னப் பள்ளம் உண்டு. அதில் சக்கரம் இறங்கி ஏறினால் எலும்பு முறிந்து படுத்திருக்கிறவருக்கு உயிரே போய்விடும். அதனால் அந்த இடம் வந்ததும் நின்று, முன்பக்கத்தைக் கையால் லேசாகத் தூக்கி உள்ளே வைப்பார். ஒவ்வொரு தடவையும் தூக்குவார். மற்றவர்கள் எல்லாம் ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், அவர்கள் இடுப்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. இவருடையதுதான் போய்விட்டது.

எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரே பார்த்துவிட்டு, “இனிமே தள்ளவே கூடாது. உக்காந்து செய்யிற வேலையா பாருங்க” என்றார். நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டதுபோல அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். நாங்கள் காண்ட்ராக்ட் ஆட்கள். எங்களுக்கு நீல கார்டு. காண்ட்ராக்டரிடம் போய் இடுப்பு வலி என்று வாயைத் திறந்தால், “தள்ள முடியலைன்னா சொல்லிடு, ஆள் ரெடியா இருக்கு” என்பார். அதனால் இவர் இடுப்பில் பெல்ட்டைக் கட்டி, அதன் மேல் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார்.

அந்தச் சமயத்தில்தான் நோட்டீஸ் போர்டில் அந்த அறிவிப்பு வந்தது. ‘ஈக்குவல் ஆப்பர்சூனிட்டி’ திட்டமாம், எல்லாருக்கும் சம வாய்ப்பாம். காண்ட்ராக்ட் ஆட்களிலிருந்து ஒருவரை எடுத்து, கீழ்த்தளத்து ஹெல்ப் டெஸ்க்கில் உட்கார வைக்கப் போகிறார்களாம். வெள்ளை கார்டு, நிரந்தர வேலை, முதுகு சாய்க்கிற நாற்காலி. இங்கிலீஷ் வகுப்புக்கு வர வேண்டும், கடைசியில் ஒரு இண்டர்வியூ. அவ்வளவுதான்.

அந்த நாற்காலியை அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார் என்பது எனக்குத் தெரியும். யாரும் இல்லாத நேரத்தில் கையை வைத்து ஒரு சுற்றுச் சுற்றியும் பார்த்திருக்கிறார். ஹெல்ப் டெஸ்க் பெண் என்னிடம் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வகுப்பு நடந்தது ஊழியர் சாப்பாட்டு ஹாலில், ஷிஃப்ட் முடிந்த பிறகு. பாடம் எடுப்பவரை நாங்கள் ‘ட்ரெய்னிங் சார்’ என்போம். சின்ன வயது, நல்ல மாதிரி, யாரைப் பார்த்தாலும் சிரிப்பார். அவரைக் குறை சொல்ல மனசு வராது, அதுதான் இன்னும் எரிச்சல். திட்டத்தின் பெயர் அப்படி இருப்பதால், வார்த்தைகளும் அதைப் பற்றியே இருக்க வேண்டும் என்று மேலே சொல்லிவிட்டார்களாம். மருந்துக் கடை எங்கே, எக்ஸ்ரே எந்தப் பக்கம் என்று சொல்லக் கற்றுக்கொடுத்தால் ஹெல்ப் டெஸ்க்கில் உட்கார்கிறவருக்கு உதவும். அதை விட்டுவிட்டு இனிக்குவாலிட்டி, பிரிவிலேஜ், ஆக்சஸ், ஆப்பர்சூனிட்டி. கேட்கிறவர்களுக்குத் தலை சுற்றியது.

ஒருநாள் சார் ஒவ்வொருவரையும் எழுப்பி, ‘பிரிவிலேஜ்’ என்பதை வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார். இவர் எழுந்து நின்று, “பிரிவிலேஜ் இஸ் லீவ், சார். ஐ ஹேவ் நோ பிரிவிலேஜ்” என்றிருக்கிறார்.

ஹாலே சிரித்ததாம். வெள்ளை கார்டுக்காரர்களுக்கு வருஷத்தில் இத்தனை நாள் என்று சம்பளத்தோடு ‘பிரிவிலேஜ் லீவ்’ உண்டு. வார்டில் நர்ஸ்கள் அதைப் பற்றிப் பேசிப் பேசி, அந்த வார்த்தை என்றாலே இவருக்கு லீவுதான். சார் சிரித்துக்கொண்டே, “அது வேற, இது வேற. பிரிவிலேஜ்னா, ஒருத்தருக்குப் பிறப்பாலயோ வசதியாலயோ தானா அமையிற சலுகை” என்று விளக்கினாராம்.

வீட்டுக்கு வந்து எங்களிடம் ஒப்பித்தார்.

“அப்ப நான் சொன்னதுல என்ன தப்பு? அவங்களுக்கு அமைஞ்சிருக்கு, நமக்கு அமையலை.”

“சார் வேறன்னு சொன்னா வேறதான். அங்க போய் வக்கீல் மாதிரி பேசிட்டு நிக்காதீங்க” என்று அவர் வாயை அடைத்தேன். ஆனால் எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய அம்மா போனபோது, காரியம் முடிந்த மறுநாள் காலையில் வழித்த தலையோடு வந்து ஸ்ட்ரெச்சரைப் பிடித்தார். வராவிட்டால் கார்டை வாங்கிக்கொள்வேன் என்று காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அது வேறயாம், இது வேறயாம்.

படிப்பதில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. கண்ணாடி முன்னால் நின்று ஷேவ் செய்யும்போதும் “எவ்ரிபடி ஷுட் ஹேவ் ஆக்சஸ்” என்பார். ஆக்சஸ் என்றால் உள்ளே நுழையக் கிடைக்கிற வழி, அனுமதி. படிப்புக்கும் வைத்தியத்துக்கும் எல்லாருக்கும் ஆக்சஸ் வேண்டும். அப்படித்தான் சார் சொல்லிக் கொடுத்தார். ஒருநாள் ஆபரேஷன் தியேட்டருக்கு ஒரு பெரியவரைத் தள்ளிக்கொண்டு போகும்போது, “தி லாஸ்ட் ஆப்பர்சூனிட்டி, தி லாஸ்ட் ஆப்பர்சூனிட்டி” என்று முணுமுணுத்திருக்கிறார். படுத்திருந்த மனுஷன் அரண்டுபோய், “ஏன் தம்பி, டாக்டர் ஏதாவது சொன்னாரா?” என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். நானும் மகளும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்றைக்கு அவரும் சிரித்தார்.

இண்டர்வியூ அன்று மகள் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். இடுப்பு பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பினார். பெல்ட் தெரிந்தால் நோயாளி என்று நினைத்துவிடுவார்களாம். “பயப்படாதீங்க, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க” என்று அனுப்பினேன். நேரத்துக்கு முன்னாலேயே நாலாவது மாடிக்குப் போய்விட்டார்.

நாலாவது மாடி நிர்வாகத்துக்கு. லிஃப்டை விட்டு வெளியே வந்தால் எதிரே பெரிய கண்ணாடிக் கதவு. பக்கத்துச் சுவரில் கார்டு காட்டுகிற பெட்டி. இவர் நீல கார்டைக் காட்டினார். சிவப்பு விளக்கு எரிந்து ‘டீக்’ என்றது. துடைத்துக் காட்டினார், திருப்பிக் காட்டினார். டீக், டீக். எங்கள் கார்டு வார்டு மாடிகளுக்குத்தான் திறக்கும். அங்கே துணி வாங்குகிறவர் யாரும் இல்லாததால் நானும் போனதில்லை, ஸ்ட்ரெச்சருக்கும் அங்கே வேலை இல்லை. எங்களுக்கு எப்படித் தெரியும்? கூப்பிட்டவர்களுக்கும் அது தோன்றவில்லை.

உள்ளே எல்லாம் தெரிகிறது. வரிசையாகப் போட்ட நாற்காலிகள். ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசுகிறாள். தூரத்தில் ட்ரெய்னிங் சார் கூடக் கையில் டீயோடு நிற்கிறார். இவர் கண்ணாடியில் தட்டினார். எப்படித் தட்டியிருப்பார் என்று எனக்குத் தெரியாதா? தூங்குகிற குழந்தை எழுந்துவிடப் போகிறது என்கிற மாதிரி விரல் நுனியால் தட்டியிருப்பார். யாரும் திரும்பவில்லை. கீழே இறங்கிப் போய் செக்யூரிட்டியைக் கேட்டார். “மேலேயிருந்து போன் வந்தாத்தான் நான் திறந்துவிட முடியும்” என்றான் அவன். மறுபடியும் மேலே. கடைசியில் டீ கப் எடுக்க வந்த பெண் கதவைத் திறந்து வெளியே வரும்போது, சந்தில் நுழைந்து உள்ளே போனார்.

அதற்குள் அவர் பெயரைக் கூப்பிட்டு, வரவில்லை என்று அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்கள். இருந்தாலும் பாவம் பார்த்துக் கடைசியில் கூப்பிட்டார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த மேடம், “நீங்கதானே எக்ஸ்பிரஸ்? எக்ஸ்பிரஸே இவ்வளவு லேட்டா?” என்றாராம். எல்லோரும் சிரித்தார்கள். “ஏன் லேட்?” என்று இங்கிலீஷில் கேட்டார்கள்.

இவர், “ஸாரி மேடம்” என்றார்.

பிறகு நாலைந்து வார்த்தைக்கு அர்த்தம் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் டாண் டாண் என்று பதில் சொல்லியிருக்கிறார். ஆக்சஸ் என்றால் என்ன என்றும் கேட்டார்களாம். அதையும் வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடியே சொன்னார். “வெரி குட்” என்றார்களாம்.

முடிவு போர்டில் வந்தது. இங்கிலீஷில் இவர்தான் முதல். நேரம் தவறாமைக்கு சைபர். நாற்காலி பில்லிங் கவுண்டர் பெண்ணுக்குப் போனது. அவளும் காண்ட்ராக்ட்தான், ஆனால் பில் கட்டுகளைக் கொடுக்க நாலாவது மாடிக்குப் போகிறவள், அவள் கார்டுக்குக் கதவு திறக்கும். நல்ல பெண். என்னைப் பார்த்தால் “அக்கா, சாப்பிட்டீங்களா” என்பாள். அவளையும் திட்ட முடியவில்லை. நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

வீட்டில் அவரைத்தான் பிடித்துக்கொண்டேன். “ஏன் லேட்டுன்னு கேட்டாங்க இல்ல? கதவு திறக்கலைன்னு சொல்ல வாய் வரலையா? அத்தனை வார்த்தை படிச்சீங்களே, அதுல ஒண்ணை எடுத்து வீசியிருக்கக் கூடாதா? ஸாரியாம் ஸாரி! அது அந்தப் பாடத்துலயே இல்லையே!”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னியே” என்றார்.

“கேட்டாங்களே!”

“அவங்க சிரிச்சாங்க. அதுல எல்லாம் மறந்துபோச்சு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பெல்ட்டை எடுத்துக் கட்டிக்கொண்டு கீழே பாயில் மெதுவாகச் சாய்ந்தார்.

நான் விடவில்லை. “நாளைக்குப் போய்க் கேக்கிறீங்க. இங்கிலீஷ்லயே கேக்கிறீங்க. அப்பத்தான் மதிப்பாங்க. கதவு அவங்களோடது, தப்பும் அவங்களோடது, இண்டர்வியூவைத் திரும்ப வைக்கச் சொல்லுங்க” என்றேன். மகளும் நானும் சேர்ந்து வாக்கியத்தை அவர் வாயில் ஏற்றினோம். நீளமாக இருந்தால் தடுமாறுகிறார் என்று குறைத்துக் குறைத்து, கடைசியில் முக்கியமானது மட்டும் நின்றது.

மறுநாள் வேலை நேரத்தில் நானும் தள்ளுவண்டியோடு அவர் பின்னாலேயே நாலாவது மாடிக்குப் போனேன். துணி கேட்டார்கள் என்று லிஃப்ட்காரரிடம் ஒரு பொய். இரண்டு பேரும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றோம். தட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்துவிட்டதால் தட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் திறந்து ட்ரெய்னிங் சாரே வந்தார். இவரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“என்ன எக்ஸ்பிரஸ், இங்கிலீஷ்ல ஃபர்ஸ்ட்டு! எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?”

நான் வண்டிக்குப் பின்னாலிருந்து இவர் முதுகில் ஒரு குத்து விட்டேன்.

இவர் கார்டைக் கையில் எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, “சார், இண்டர்வியூ டே... மை கார்டு நோ ஆக்சஸ்” என்றார்.

சார் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். கேட்டுவிட்டு விரலை உயர்த்தினார்.

“ஹேஸ். மை கார்டு ஹேஸ் நோ ஆக்சஸ். ஹேஸை விட்டுட்டீங்க பாருங்க. எங்க, இன்னொரு தடவை?”

“மை கார்டு ஹேஸ் நோ ஆக்சஸ்.”

“எக்ஸலண்ட்! இப்படியே தினமும் பேசணும், விட்டுடக் கூடாது” என்று இவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, சார் தன் வெள்ளை கார்டைப் பெட்டியில் காட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே போனார். கதவு தானாக மூடிக்கொண்டது.

இவர் அந்த நீல கார்டைப் பிடித்தபடி நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “இப்பச் சரியாத்தானே சொன்னேன்?” என்று கேட்டார்.

“சரியாத்தான் சொன்னீங்க” என்றேன்.

அவருடைய போன் அடித்தது. இரண்டாவது மாடியில் ஸ்ட்ரெச்சர் கேட்டார்கள்.